டோ பால் உயரத்தை டிரெய்லரோடு பொருத்துவது: வெறும் வண்டியில் அளந்தால் போதாது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். காங்கேயம் பக்கம் தோட்டம் வைத்திருக்கிறீர்கள். பொலிரோ வண்டி ஒன்று இருக்கிறது. மாட்டை மருத்துவரிடம் காட்டவும், கண்ணபுரம், அந்தியூர் சந்தைகளுக்குக் கொண்டுபோகவும் ஒற்றை அச்சில் இரண்டு சக்கரம் உள்ள சிறு டிரெய்லர் ஒன்றைப் பட்டறையில் செய்து வாங்கியிருக்கிறீர்கள். வெறும் வண்டியாக நிற்கையில், தரையிலிருந்து டோ பாலின், அதாவது டிரெய்லரைப் பூட்ட வண்டியின் பின்னால் இருக்கும் இரும்புப் பந்தின், உச்சி 560 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. காலி டிரெய்லரை மட்டமாக நிறுத்தினால், அந்தப் பந்தைக் கவ்விப் பூட்டும் அதன் கப்ளர் 455 மி.மீ. உயரத்தில்தான் நிற்கிறது. இரண்டையும் பூட்டியவுடன் டிரெய்லரின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு பின்பக்கம் சாய்கிறது. "பாரம் ஏத்துனா தானா எறங்கிருமுங்க" என்கிறார் பட்டறைக்காரர். இறங்காவிட்டால், கப்ளரைத் தாங்கி முன்னால் நீளும் முன்தண்டை அறுத்து, மேல்நோக்கி வளைத்து வெல்டிங் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். தானாக இறங்குமா, தண்டை அறுக்கலாமா, அல்லது வண்டிப் பக்கம் எதையாவது மாற்ற வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

பாரம் ஏற்றினால் கொஞ்சம் இறங்கும். போதிய அளவு இறங்காது. தண்டை அறுக்க வேண்டாம். வண்டிப் பக்கத்தில் பந்தை ஏறத்தாழ 100 மி.மீ. தாழ்த்த வேண்டியிருக்கும். ஆனால் இந்த 100 என்பது நீங்கள் அனுப்பிய இரண்டு அளவுகளைக் கழித்தால் வரும் 105-ஐ வைத்துச் சொன்னதன்று. அது பக்கத்தில் வந்து நிற்பது தற்செயல்தான். வேறொரு வண்டியில், வேறொரு டிரெய்லரில், காலியாக அளந்த வித்தியாசமும் பாரத்தோடு அளந்த வித்தியாசமும் வெகுதூரம் விலகி நிற்கலாம். ஆகவே கணக்கு எப்படி வருகிறது என்பதை விரிவாகவே எழுதுகிறேன்.

உயரம் பொருந்த வேண்டும் என்பதற்கு அடிப்படைக் காரணம் முன்பாரம். மாட்டு வண்டி ஓட்டிய குடும்பத்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூட்டைகளை முன்னே தள்ளி அடுக்கினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே தள்ளி அடுக்கினால் நுகம் மேலே தூக்கிக் கழுத்துக் கயிறு இறுக்கும். அச்சுக்குச் சற்று முன்பாரமாக ஏற்றுவதுதான் பாரம் ஏற்றத் தெரிந்தவர் செய்வது. காருக்குப் பின்னால் வரும் டிரெய்லரிலும் நடப்பது அதே நெம்புகோல் கணக்குதான். நுகம் இருந்த இடத்தில் பந்து இருக்கிறது, வேகம் மட்டும் பல மடங்கு கூடியிருக்கிறது. அந்த வேகத்தில் பின்பாரம் வண்டியை அசௌகரியப்படுத்துவதோடு நிற்காது. டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கி, அந்த ஆட்டம் ஒவ்வொரு வீச்சிலும் வளர்ந்து, காரின் பின்பகுதியையே இழுத்துத் தள்ளிவிடும்.

முன்பாரம், அதாவது பந்தின் மேல் செங்குத்தாக இறங்கும் எடை, எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் இரண்டு வழக்கங்கள் உள்ளன. ஐரோப்பாவில் பாரத்தோடு சேர்ந்த டிரெய்லர் எடையில் 4 முதல் 7 சதவீதம் என்பார்கள்; அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம் என்பார்கள். அங்குள்ள பெரிய பிக்கப் வண்டிகள் பின்னால் அதிக எடையைத் தாங்கக்கூடியவை என்பதை மனத்தில் வைத்தே அமெரிக்க அளவைப் படிக்க வேண்டும். நம் ஊர் வண்டிகளுக்கும் 750 கிலோவுக்குள் அடங்கும் சிறு டிரெய்லர்களுக்கும் ஐரோப்பிய அளவின் மேல்விளிம்பை ஒட்டி வைத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து. உங்கள் டிரெய்லர் மாட்டோடு 700 கிலோ வருமானால், முன்பாரம் 45 கிலோவை ஒட்டி இருக்கட்டும். பந்தை வண்டியோடு பிடித்திருக்கும் இரும்புச் சட்டமான டோ பாரின் தகட்டில் அதைவிடக் குறைந்த உச்ச வரம்பு குறித்திருந்தால் அந்த வரம்பே கடைசிச் சொல்.

இனி உயரத்துக்கு வருவோம். சிறு டிரெய்லர்களுக்கான 50 மி.மீ. பந்தை வரையறுக்கும் ஐஎஸ்ஓ 1103 தரமும், இணைப்புக் கருவிகளுக்கான ஐ.நா. ஒழுங்குமுறை எண் 55-உம், முழுப் பாரம் ஏற்றிய காரில் பந்தின் மையம் தரையிலிருந்து 350 முதல் 420 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்கின்றன. அதே ஒழுங்குமுறை, 3.5 டன் வரையிலான டிரெய்லர் பாரத்தோடு மட்டமாக நிற்கையில் அதன் இணைப்புப் புள்ளி 430 மி.மீ. உயரத்தில், கூடக்குறைய 35 மி.மீ.க்குள், இருக்க வேண்டும் என்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பந்தின் நடுவளவு 385, டிரெய்லரின் நடுவளவு 430. அதாவது, விதியை எழுதியவர்களே டிரெய்லரின் முன்பக்கம் ஒரு நாற்பது, நாற்பத்தைந்து மி.மீ. தாழ்ந்திருப்பதை இயல்பாகக் கொண்டிருக்கிறார்கள். மட்டமாக இருக்கலாம், சற்று முன்தாழ்ந்தும் இருக்கலாம். முன்தூக்கி மட்டும் இருக்கக் கூடாது. மேடுபள்ளத்தில் ஓடும் உயரமான வண்டிகளுக்கு அந்தப் பந்து உயர விதியில் விலக்கு உண்டு. பொலிரோ, தார் போன்ற வண்டிகளில் பந்து இயல்பாகவே 500-ஐத் தாண்டி நிற்பதும், விற்பனைக்கு வரும் கப்ளரையும் சிறு சக்கரங்களையும் வைத்துச் செய்த டிரெய்லர் 430, 450 என்ற உயரத்தில் அமைந்துவிடுவதும் இப்படித்தான் ஒன்றோடொன்று மோதுகின்றன. உங்கள் பட்டறைக்காரர் டிரெய்லரைத் தவறாகச் செய்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம்; அவர் செய்த உயரம் வழக்கமான உயரமே.

அளக்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது, எந்தப் புள்ளியை அளக்கிறோம் என்பது. விதிகள் பந்தின் மையத்தைச் சொல்கின்றன; நாமோ டேப்பைப் பந்தின் உச்சியில் வைத்து அளக்கிறோம். இரண்டுக்கும் 25 மி.மீ. வித்தியாசம். பந்தின் உச்சியை அளந்தால், டிரெய்லரில் கப்ளர் கிண்ணத்தின் உட்கூரையை அளக்க வேண்டும். பூட்டும்போது அவை இரண்டும்தான் ஒன்றோடொன்று படிகின்றன. கப்ளரின் கீழ் விளிம்பை அளந்து பந்தின் உச்சியோடு ஒப்பிட்டுவிட்டு, உயரம் பொருந்தவில்லை என்று குழம்புபவர்கள் பலர்.

இடம் மட்டமாக இருக்க வேண்டும். தேங்காய் காயப்போடும் சிமென்ட் களம் ஆகாது. பெரும்பாலான களங்களில் மழைநீர் வடிய ஒரு பக்கம் வாட்டம் கொடுத்திருப்பார்கள். அரிசி ஆலை அல்லது எடை மேடை முற்றம் ஓரளவு நம்பத்தக்கது. அங்கும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள். டயர்களில் காற்றை முதலில் சரிபார்க்க வேண்டும்; காற்றுக் குறைந்த டயர் உயரத்தைச் சுளுவாகப் பத்து மி.மீ. தின்றுவிடும்.

பிறகு பாரம். காரில் வழக்கமாகப் பயணிக்கும் ஆட்களை உட்காரவைத்து, பின்னால் வழக்கமாக வைக்கும் சோளத்தட்டுக் கட்டு, தண்ணீர்க் கேன் முதலியவற்றையும் ஏற்றுங்கள். டிரெய்லரில் மாட்டை ஏற்றி வைத்துக்கொண்டு அளப்பது ஆபத்து; மாடு அசையாமல் நிற்காது. அதற்குப் பதில், நடுத்தரக் காங்கேயம் பசுவின் எடைக்கு ஏறக்குறைய ஈடாக ஏழு சிமென்ட் மூட்டைகளை, மாடு நிற்கும் இடத்தில் பரப்பி அடுக்குங்கள். உர மூட்டைகளை வைப்பதானால், யூரியா மூட்டை இப்போது 45 கிலோதான். பழைய நினைப்பில் 50 என்று கணக்கிட வேண்டாம். காளை ஏற்றும் எண்ணம் இருந்தால் இந்த எடை போதாது. வளர்ந்த காங்கேயம் காளை 500 கிலோவை ஒட்டி வரும், அப்போது டிரெய்லரின் மொத்த எடை வரம்பையே மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

டிரெய்லரை, கழற்றி நிறுத்தும்போது முன்தண்டைத் தாங்கும் சிறு முன்சக்கரத்தின் திருகை ஏற்றி இறக்கி, அடிச்சட்டத்தின் மேல் ரசமட்டம் வைத்து மட்டமாக்கிவிட்டுக் கப்ளர் உயரத்தை அளக்க வேண்டும். காரின் பந்து உயரத்தை, கப்ளர் பூட்டிய நிலையில், அதாவது முன்பாரம் பந்தின் மேல் இறங்கியிருக்கும் நிலையில் அளக்க வேண்டும். முன்பாரம் 45 கிலோதானே, அதனால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். பொலிரோவின் முன், பின் அச்சுகளுக்கு இடையே 2680 மி.மீ. தூரம்; பந்து பின் அச்சுக்குப் பின்னால் ஒரு 900 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். பந்தில் வைத்த 45 கிலோ பின் அச்சில் 60 கிலோவாக இறங்கும். முன் அச்சிலிருந்து 15 கிலோவைத் தூக்கியும் விடும். பொலிரோவின் பின்பக்கத்தில் பட்டை ஸ்பிரிங் என்பதால் அதிகம் அமுங்காது. சுருள் ஸ்பிரிங் வைத்த மென்மையான கார்களில் இதே எடைக்கு நன்றாகவே உட்கார்ந்துவிடும். ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணுக்கு ஏறுவதை வைத்தே அதைக் கண்டுகொள்ளலாம்.

உங்கள் வண்டிக்கு ஓர் உத்தேசக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். உண்மை அளவு உங்கள் களத்தில்தான் தெரியும். ஆட்களும் சாமானும் முன்பாரமும் சேர்ந்து காரின் பின்பக்கம் 40 மி.மீ. அமுங்குகிறது என்றால் பந்தின் உச்சி 520-க்கு வரும். பட்டறைக்காரர் சொன்ன "தானா எறங்கிரும்" என்பது இந்த 40 மி.மீ.தான். அவர் கணக்கில் விட்டுப்போனது, டிரெய்லரின் ஸ்பிரிங்கும் மாட்டின் எடையில் அமுங்கும் என்பது. அது 25 மி.மீ. அமுங்கினால், மட்டமாக நிற்கும் கப்ளரின் உயரம் 455-இலிருந்து 430-க்கு இறங்கிவிடும். ஆக, காலியாக 105 ஆக இருந்த வித்தியாசம் பாரத்தில் 90 ஆகக் குறைகிறது, அவ்வளவுதான். பந்தை 100 மி.மீ. தாழ்த்தினால், பாரத்தோடு பந்தின் உச்சி 420, கப்ளர் 430. டிரெய்லர் 10 மி.மீ. முன்தாழ்ந்து நிற்கும். பந்தின் மையம் 395. மேலே சொன்ன 350–420 வரம்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. காலியாகத் திரும்பும்போது ஓரிரு விரல்நுனி அளவு முன்தூக்கலாம். காலி டிரெய்லருக்கு அது பொருட்டில்லை.

125 மி.மீ. தாழ்த்தினால் இன்னும் நல்லதல்லவா என்றால், விதிப்படி அதுவும் சரிதான். ஆனால் உங்கள் வழித்தடத்தில் இட்டேறியிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறும் மேடும், ஊருக்கு ஊர் ஆளுயரத்துக்குப் போட்டுவைத்திருக்கும் வேகத்தடைகளும், தரைப்பால இறக்கங்களும் இருக்கும். பந்தைத் தாங்கும் அடிப்பகுதி பந்தைவிட இன்னும் கீழே தொங்கும் என்பதால் தரை இடைவெளியையும் விட்டுவைக்க வேண்டும். அதனால்தான் 100 என்றேன்.

இப்போது, பலர் கேட்கும் இன்னொரு கேள்வி: 90 மி.மீ. முன்தூக்கல் அப்படி என்ன கெடுத்துவிடும்? இணையத்தில் இதைப் பற்றிப் பயமுறுத்திப் பேசுவோரும் உண்டு, அலட்சியப்படுத்துவோரும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கப்ளரிலிருந்து டிரெய்லர் அச்சுவரை 2400 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 90 மி.மீ. தூக்கல் என்பது இரண்டு பாகைக்குச் சற்றுக் கூடுதலான சாய்வு. மொத்த எடையின் மையம் அச்சுக்கு மேலே 800 மி.மீ. உயரத்தில் இருந்தால், அந்தச் சாய்வில் அது 30 மி.மீ. பின்னோக்கி நகரும். 700 கிலோவுக்கு இதனால் முன்பாரம் குறைவது ஏறத்தாழ 9 கிலோ. நாற்பத்தைந்தில் ஒன்பது போனால் முப்பத்தாறு. குறைவுதான், ஆனால் வண்டி ஓடாத அளவுக்கன்று. செங்கல்லோ சிமென்ட் மூட்டையோ ஏற்றிய டிரெய்லராக இருந்தால், பாரத்தைக் கொஞ்சம் முன்னே நகர்த்தி இதைச் சமன்செய்துவிடலாம். அந்த அளவில் அலட்சியப்படுத்துவோர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மாட்டை ஏற்றும்போதுதான் கணக்கு மாறுகிறது. மூட்டை வைத்த இடத்தில் இருக்கும், மாடு இருக்காது. தரை பின்னோக்கிச் சாய்ந்திருந்தால், ஒவ்வொரு முறை ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் அது கால்களைப் பின்னே மாற்றி ஊன்றும். 340 கிலோ எடையுள்ள பசு 150 மி.மீ. பின்வாங்கினால், அதாவது அரை அடி நகர்ந்தால், முன்பாரத்தில் 21 கிலோ போய்விடும். ஏற்கெனவே சாய்வால் போன 9 கிலோவையும் சேர்த்தால், 45-இல் மிஞ்சுவது 15 கிலோதான். 700 கிலோ டிரெய்லருக்கு இது இரண்டு சதவீதத்தை ஒட்டிய அளவு. ஆட்டம் பிடிப்பதற்கு இதைவிட வேறு அழைப்பு தேவையில்லை. ஆகவே மாடு, குதிரை போன்ற உயிர்ப் பாரம் ஏற்றுபவர்கள் மட்டத்தில் சமாதானம் செய்துகொள்ளக் கூடாது என்பதே என் அழுத்தமான கருத்து. சாய்வைச் சரிசெய்வதோடு, மாட்டின் பின்பக்கம் ஒரு குறுக்குக் கட்டையையும் வைத்து அது பின்வாங்கும் தூரத்தைக் கட்டுப்படுத்துங்கள். மாட்டை முன்நோக்கி நிறுத்துவதற்கும் பின்நோக்கி நிறுத்துவதற்கும் முன்பாரம் வேறுபடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்: நிற்கும் மாட்டின் எடையில் பாதிக்குச் சற்றுக் கூடுதலான பங்கு முன்னங்கால்களில் விழுகிறது. ஒரு முறை முன்நோக்கி நிறுத்தி அளவு பார்த்துவிட்டு, அடுத்த முறை திருப்பி நிறுத்தினால் பழைய அளவு பொருந்தாது.

இரட்டை அச்சு டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: அங்கே முன்தூக்கல் பின் அச்சில் பாரத்தை ஏற்றி, முன் அச்சைத் தளர்த்திவிடும், டயர் சூடாவதும் தேய்வதும் ஒரு பக்கமாகவே நடக்கும். ஓவர்ரன் பிரேக், அதாவது கார் வேகம் குறைக்கையில் டிரெய்லர் முன்னே தள்ளும் விசையாலேயே பிடிக்கும் பிரேக், உள்ள டிரெய்லரில், கப்ளரின் தண்டு உள்ளே நேராகத் தள்ளப்பட்டால்தான் பிரேக் ஒழுங்காகப் பிடிக்கும் என்பதால், அவற்றுக்கும் மட்டம் முக்கியம்.

முன்பாரத்தை எப்படி அளப்பது என்பதற்குத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. எடை மேடை இதற்கு உதவாது. லாரிகளுக்கான அந்த மேடை 5 அல்லது 10 கிலோப் படிகளாகத்தான் காட்டும். மஞ்சள் மூட்டை, பருத்தி மூட்டை நிறுக்கும் பிளாட்பாரத் தராசு போதும். டிரெய்லர் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, ஓட்டத்தின்போது கப்ளர் நிற்கும் அதே உயரம் வருமாறு ஒரு மரக்கட்டையை அளவாக வெட்டி, தராசின் மேல் நிறுத்தி, அதன் தலையில் கப்ளரை இறக்கி, முன்சக்கரத்தைத் தூக்கிவிடுங்கள். தராசு காட்டும் எடையில் கட்டையின் எடையைக் கழித்தால் முன்பாரம். உயரத்தை மாற்றியபின் இதை மறுபடியும் அளக்க வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றது மாறும்.

பந்தைத் தாழ்த்துவதற்கு உள்ள வழிகளில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பது டோ பாரின் வகையைப் பொறுத்தது. சதுரக் குழாய்க்குள் செருகி முள்ளாணி போட்டுப் பூட்டும் வகையாக இருந்தால் வேலை எளிது: 100 மி.மீ. இறக்கம் கொண்ட வளைந்த செருகுதண்டு கிடைக்கும். துளைகளில் முள்ளாணியை மாற்றி ஓர் அங்குலப் படிகளாக ஏற்றி இறக்கும் வகையும் கிடைக்கும். ஒரே காரில் இரண்டு மூன்று டிரெய்லர்களை மாற்றி மாற்றி இழுப்பவர்களுக்குப் பின்னது நல்லது. உங்களுக்கு முன்னதே போதும். அசையும் பாகம் குறைந்தால் தளர்ச்சியும் சத்தமும் குறையும். தட்டில் இரண்டு போல்ட்டுகளால் பிடித்த பந்தாக இருந்தால், போல்ட்டுகளுக்கு இடையே 90 மி.மீ. தூரமும் எம்16 அளவும் வழக்கமான அமைப்பு. அதற்குத் தகுந்த இறக்கத் தகட்டை இடையில் வைத்துப் பொருத்தலாம்.

ஆனால் பந்தைத் தாழ்த்தும் ஒவ்வொரு மி.மீ.யும் டோ பாரின் மேல் திருகு விசையைக் கூட்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். தனக்குப் பிரேக் இல்லாத 700 கிலோ டிரெய்லரோடு நீங்கள் ஓங்கிப் பிரேக் அடிக்கும்போது, டிரெய்லர் பந்தை முன்னோக்கித் தள்ளும் விசை அதன் எடையில் பாதியளவுக்கு, அதாவது 350 கிலோ அளவுக்கு வரலாம். அது முன்பைவிட 100 மி.மீ. கீழிருந்து தாக்கும்போது, டோ பார் கீழ்ப்பக்கம் முன்னோக்கிச் சுழலப் பார்க்கும். டோ பார் சேசிஸில் போல்ட்டுப் போட்டுப் பிடித்திருந்தால் இதைத் தாங்கும். பின் பம்பரோடு வெல்டிங் வைத்ததாக இருந்தால் தாங்காது. அப்படிப்பட்டதில் 100 மி.மீ. இறக்கத்தைச் சேர்ப்பது ஏற்கெனவே இருக்கும் ஆபத்தை இரட்டிப்பாக்குவதுதான். நம் ஊரில் ஜீப்புகளின் பின்னால் பளபளவென்று மாட்டியிருக்கும் பந்துகளில் பல, அழகுக்கும் பின்னால் வருபவரை அச்சுறுத்துவதற்கும் மாட்டியவை. உங்களுடையதில் தாங்கும் எடை பொறித்த தகடு இல்லையென்றால் கீழே படுத்து, அது எதில் எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்த்துவிட்டே மேற்கொண்டு பேச வேண்டும். காரின் கையேட்டில் டிரெய்லர் இழுப்பதற்கான எடை வரம்பு கொடுத்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்; அதில் இழுக்கக் கூடாது என்றிருந்தால் உயரக் கணக்குக்கே வேலையில்லை.

முன்தண்டை அறுத்து வளைக்க வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், டிரெய்லரில் மிகக் கூடுதலான வளைவு விசை வரும் இடம் அதுதான் என்பது. அச்சுக்கும் கப்ளருக்கும் இடையே உள்ள தண்டில் ஒரு பற்றவைப்பை வைப்பது, ஒவ்வொரு குழியிலும் மேலும் கீழும் அசையும் இடத்தில் ஒரு பலவீனத்தைப் புகுத்துவதாகும். வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பின் தன்மை மாறுவதும், விரிசல் பெயின்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் வளர்வதும் நம் பட்டறைக்காரர்களுக்குத் தெரியாதவை அல்ல. டிராக்டர் டிரெய்லர்களில் அந்த வேகத்துக்கு அவை சமாளித்துவிடுகின்றன, அதனால் துணிந்து செய்கிறார்கள். பந்தையோ கப்ளரின் வார்ப்பு உடலையோ பற்றவைப்பதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

டிரெய்லர் பக்கத்தில் செய்யக்கூடிய நேர்மையான வேலை ஒன்று உண்டு. அச்சு இப்போது ஸ்பிரிங் பட்டைக்கு மேலே அமர்ந்திருந்தால், அதைப் பட்டைக்குக் கீழே மாற்றிப் பொருத்தலாம். அச்சின் கனமும் பட்டைக் கட்டின் கனமும் சேர்ந்த அளவுக்கு, ஏறக்குறைய 100 மி.மீ.க்கும் மேலாக, டிரெய்லர் முழுவதும் உயரும். தண்ணீர் ஓடும் தரைப்பாலங்களையும் கரடுமுரடான பாதைகளையும் அடிக்கடி கடக்கும் சாமான் டிரெய்லருக்கு நான் இதையே சொல்லியிருப்பேன். நிற்கும் மாட்டின் எடையோ ஏற்கெனவே உயரத்தில் இருக்கிறது. அதை இன்னும் ஒரு சாண் பாதி உயர்த்தி, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ திம்பத்தின் 27 வளைவுகளிலோ ஏற்றிப் போவதை நான் விரும்பமாட்டேன். மாடு ஏறி இறங்கும் சாய்பலகையும் செங்குத்தாகிவிடும்.

பந்தின் விட்டத்தையும் இந்தச் சந்தர்ப்பத்தில் வெர்னியர் வைத்துப் பார்த்துவிடுங்கள். 50 மி.மீ. பந்து ஐரோப்பிய அளவு. புதிதாக இருக்கையில் 49.61-க்கும் 50-க்கும் இடையே இருக்கும். இரண்டு அங்குலப் பந்து அமெரிக்க அளவு, அது 50.8 மி.மீ. இணையத்தில் விற்பவற்றில் இரண்டும் கலந்தே வருகின்றன. 50 மி.மீ. கப்ளர் இரண்டு அங்குலப் பந்தில் முழுதாகப் படியாது. ஆனால் பூட்டிக்கொண்டதுபோல் தோற்றம் காட்டக்கூடும் என்பதுதான் ஆபத்து. மாறாக, இரண்டு அங்குலக் கப்ளர் 50 மி.மீ. பந்தில் லொடலொடக்கும். பெரும்பாலான பந்துகளில் அளவு உச்சியில் பொறித்திருக்கும். தேய்ந்து 49-ஐத் தொட்டுவிட்டால் மாற்றிவிட வேண்டும். கோவையில் எந்த லேத்திலும் பந்து ஒன்றைக் கடைந்து கொடுத்துவிடுவார்கள், பார்வைக்கு அச்சு அசலாகவும் இருக்கும். கழுத்துப் பகுதி அடித்து உருவாக்கிய இரும்பாக இல்லாவிட்டால் அங்கேதான் அது முறியும் என்பதால், இந்த ஒரு பொருளை மட்டும் கடைந்து வாங்காதீர்கள்.

பூட்டியதும், கப்ளரின் கைப்பிடி விழுந்தபின், முன்சக்கரத்தின் திருகைச் சுற்றி டிரெய்லரின் முன்பக்கத்தைத் தூக்கிப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்ப வேண்டும். கப்ளர் மட்டும் கழன்று வந்தால் அது பூட்டவே இல்லை. பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாற்றிக் கொக்கிகளில் போட வேண்டும். கப்ளர் கழன்றாலும் தண்டு அந்தக் குறுக்குச் சங்கிலியில் விழுந்து தங்கும், தரையில் குத்தாது. பந்தைத் தாழ்த்தியபின் பழைய சங்கிலி நீளம் தரையில் இழுபடலாம். திருப்பங்களுக்குப் போதிய அளவு மட்டும் விட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள். விளக்கு ஒயரின் நீளத்துக்கும் இது பொருந்தும்.

உங்கள் ஊருக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவத்தில் புகும் காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் வரை சாலைக்குக் குறுக்காக வீசுகிறது. அங்கே காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அதுதான். அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையும் ஆடியில்தான். பக்கம் அடைத்த மாட்டு டிரெய்லர் அந்தக் காற்றுக்கு நல்ல பரப்பைக் காட்டும். பேருந்து ஒன்று எதிரே கடக்கும் நொடியில் காற்று மறைந்து மறுபடி அடிக்கும்போது ஆட்டம் தொடங்கும். முன்பாரமும் மட்டமும் சரியாக இருந்தால் ஓரிரு வீச்சில் அது தானே அடங்கிவிடும். அடங்காமல் தொடர்ந்தால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும். எதிர்த்திசையில் திருப்பித் திருப்பிச் சமாளிக்கப் பார்ப்பதும், காரின் பிரேக்கை ஓங்கி அடிப்பதும் ஆட்டத்தை வளர்க்கும். பருவக் காற்றில் மாட்டோடு போகையில் 60 கி.மீ. வேகத்தைத் தாண்ட வேண்டாம் என்பது என் யோசனை.

சட்டத்தைப் பற்றியும் சுருக்கமாக. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 61ஆம் பிரிவின்படி டிரெய்லரையும் மற்ற வாகனங்களைப் போலவே பதிவு செய்ய வேண்டும். இழுக்கும் காரின் பதிவு எண்ணும் டிரெய்லரின் பின்னால் தெரிய வேண்டும். உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. டோ பார், இறக்கத் தகடு இரண்டையும் பொருத்துவதற்கு முன் தாராபுரம் அல்லது திருப்பூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பொருத்தியபின் கேட்பது வீண் செலவில் முடியும்.

இறக்கத் தகட்டையோ வளைந்த செருகுதண்டையோ மாட்டி, மூட்டைகளை ஏற்றி, மட்டத்தையும் முன்பாரத்தையும் அளந்து முடித்தபின், மாட்டை ஏற்றுவதற்கு முன்பாகவே அந்த மூட்டைகளோடு வெள்ளகோவில் வரை ஒரு முறை போய் வாருங்கள். புதிதாக இறுக்கிய போல்ட்டுகள் முதல் ஓட்டத்தில் படிந்து தளர்வது வழக்கம். திரும்பி வந்ததும், தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்துக்கு டார்க் ஸ்பேனரால் மறுபடி இறுக்கி, பந்து உயரத்தை இன்னொரு முறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று எண்களையும், அதாவது பாரத்தில் பந்து உயரம், பாரத்தில் கப்ளர் உயரம், முன்பாரம் ஆகியவற்றை எனக்கு எழுதினால், 100 போதுமா, ஓர் அங்குலம் ஏற்றவோ இறக்கவோ வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.